தேவைக் குறிப்பு முதல் களச் சோதனை வரை: ஆயுதக் கொள்முதலில் நாங்கள் கண்டவை

பீரங்கிப்படையிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி:

நம் படைக்குப் புதிய ஆயுதம் வந்து சேரத் தாமதமாகிறது என்று எழுதாத ஆள் இல்லை. எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று சொல்பவர்கள்தான் குறைவு. கோப்பு எழுதியவர்கள், விற்க வந்தவர்கள், பழுது பார்த்தவர்கள் யாராயினும் நேரில் கண்டதைச் சொல்லுங்கள். ரகசியம் எதுவும் வேண்டாம். நிறுவனங்களின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். முதலில் நானே தொடங்குகிறேன்.

பணிக்காலத்தின் பிற்பகுதியில் தேவைக் குறிப்பு தயாராகும் பிரிவில் இருந்தேன். தரைப்படையில் அதை ஜி.எஸ்.கியூ.ஆர். என்போம். வாங்கப் போகும் கருவி எவ்வளவு எடை இருக்கலாம், எத்தனை தூரம் எட்ட வேண்டும், எந்த வெப்பத்தையும் குளிரையும் தாங்க வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லும் ஆவணம் அது. பின்னால் நடக்கும் டெண்டர், சோதனை, விலைப் பேச்சு அத்தனையும் இதன் மீதுதான் நிற்கின்றன.

அது உருவாகும் விதத்தைச் சொல்கிறேன். உலகச் சந்தையில் கிடைக்கும் கருவிகளின் விளம்பரப் புத்தகங்கள் மேசைக்கு வரும். ஒன்றில் எடை குறைவு, இன்னொன்றில் தூரம் அதிகம், மூன்றாவது கடுங்குளிரைத் தாங்கும். மூன்றின் சிறப்புகளையும் ஒரே கருவியில் கேட்டு வரைவு எழுதப்படும். வரைவு சுற்றுக்குப் போகும். போகும் ஒவ்வொரு இயக்குநரகமும் தன் பங்குக்கு ஒரு வரி சேர்க்கும். ஒரு வரியை எடுத்துவிடலாம் என்று குறிப்பெழுதி வந்த கோப்பை நான் பார்த்ததே இல்லை. சேர்ப்பவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. எடுப்பவரோ, நாளை எங்காவது ஒரு கருவி கைவிட்டால், எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும்.

மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, நமது தேவைக் குறிப்புகளைப் பார்த்தால் மார்வெல் காமிக்ஸிலிருந்து எடுத்தவை போல இருக்கின்றன என்று கேலி செய்தார். பலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. 2011இல் வெளியான துப்பாக்கி டெண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். குழலை மாற்றினால் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவும் சுட வேண்டும், 7.62 மில்லிமீட்டர் தோட்டாவும் சுட வேண்டும் என்றார்கள். 2015இல் அந்த டெண்டரை ரத்து செய்தார்கள். பிறகு 2019இல் 72,400 துப்பாக்கிகளை விரைவு வழியில் அமெரிக்காவிலிருந்து வாங்கினோம். அவை ஒரே அளவு தோட்டாவைச் சுடும் சாதாரணத் துப்பாக்கிகள்தான்.

எட்டாத உயரத்தில் கோடு போடுவதில் இன்னொரு விபரீதமும் உண்டு. பலர் கழிந்து கடைசியில் ஒரே ஒரு நிறுவனம் மிஞ்சும். போட்டி இல்லாமல் ஒருவரிடம் வாங்குவது எப்படி என்ற கேள்வி எழும். டெண்டர் திரும்பப் பெறப்படும். ஆவணம் மறுபடி முதல் மேசைக்கு வரும். இதற்குள் வரைவு எழுதியவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பார்.

சிறு மின்னணு நிறுவனம் ஒன்றின் பொறியாளர்:

ஐயா, நீங்கள் எழுதிய வரிகள் எங்கள் கைக்கு வந்த பின் என்ன ஆகின்றன என்பதைச் சொல்கிறேன்.

காவல் நிலைகளில் வைக்கும் ஒரு கண்காணிப்புக் கருவியை நாங்கள் செய்தோம். தேவைக் குறிப்பில் மைனஸ் 20 டிகிரியிலிருந்து பிளஸ் 55 டிகிரி வரை வேலை செய்ய வேண்டும் என்று இருந்தது. பாலைவனமும் பனிமலையும் ஒரே வரியில்! அந்த 55 டிகிரிக்காக உள்ளே ஒரு குளிர்விக்கும் விசிறி வைத்தோம். ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றிலும் தேறினோம். ஜே.எஸ்.எஸ். 55555 என்ற தரநிலைப்படி தூசி, உப்புப் பனி, குலுக்கல், கீழே போடுதல் என்று வரிசையாகச் சோதனைகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. 2020இல் தொடங்கிய பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புத் திட்டத்தில் 400 கோடி ரூபாய் ஒதுக்கி, சோதனைக்கூடம் அமைக்கும் செலவில் 75 சதவீதம் வரை அரசே தருவதாக அறிவித்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது உண்மையாகவே தேவையான ஒன்று.

களச் சோதனைக்கு முன்பாக ஒரு படைப்பிரிவின் தளபதி, அவரே முன்வந்து, கருவியைத் தன் வீரர்களிடம் சில நாள் கொடுத்துப் பார்க்க அனுமதித்தார். இரவில் அதை எடுத்துப் போன ஜவான் காலையில் வந்து சொன்னது ஒரே விஷயம். விசிறியின் சத்தம் கேட்கிறது. ஆளரவமற்ற மலையில், காற்று ஓய்ந்த இரவில், அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வடிவமைத்த எங்களுக்குத் தோன்றவே இல்லை. தேவைக் குறிப்பிலும் சத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அத்தனை பக்கங்களில் இல்லாத வரி அது.

அந்த மலையில் 55 டிகிரி என்றைக்கும் வரப்போவதில்லை. விசிறியை எடுத்துவிட்டு மலைக்கு ஒரு வகை, பாலைவனத்துக்கு ஒரு வகை என்று தரட்டுமா என்று கேட்டோம். அதிகாரிகளுக்கும் அது சரியாகவே பட்டது. ஆனால் டெண்டர் வெளியாகிவிட்ட பிறகு ஒரு வரியைக்கூட மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை. மாற்றினால் போட்டியில் இருக்கும் மற்றவர்கள் வழக்குப் போடுவார்கள். ஆகவே சத்தமிடும் கருவிதான் சோதனைக்குப் போயிற்று.

அந்தச் சோதனையும் எங்கள் கைக்காசில்தான். என்.சி.என்.சி. என்பார்கள். செலவை ஏற்க மாட்டோம், வாங்குவோம் என்றும் உறுதி தர மாட்டோம் என்று பொருள். கோடைக்கு ராஜஸ்தானின் மகாஜன் அல்லது பொக்ரான் களம், குளிருக்கு லடாக் அல்லது சிக்கிம். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் உள்ளே இருக்கும் சில்லு சந்தையிலிருந்தே போய்விடுகிறது. புதிய சில்லைப் பொருத்தினால் "சோதித்த கருவி இது இல்லையே" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொல்ல ஒரு நடைமுறை வேண்டாமா?

2018 ஏப்ரலில் சென்னை பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கிய ஐடெக்ஸ் திட்டம் எங்கள் போன்ற நிறுவனங்களுக்கு முன்மாதிரி செய்ய மானியம் தருகிறது; தொடக்கத்தில் அது 1.5 கோடி ரூபாய் வரை இருந்தது. அது வரவேற்கத்தக்கது. முன்மாதிரி தேறிய பின் ஆர்டர் வரும் வரை சம்பளம் கொடுப்பது எப்படி என்பதுதான் எங்கள் கவலை. நல்ல பொறியாளர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

இ.எம்.இ. பிரிவில் (தரைப்படையின் கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவு) ஹவில்தாராக இருந்தவர்:

நான் சுருக்கமாகவே சொல்கிறேன். பழுது பார்க்க எவ்வளவு சுலபம் என்று பார்ப்பதற்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. நிறுவனத்து ஆட்கள் வருவார்கள். பளபளக்கும் கருவிப் பெட்டியைத் திறந்து, கண் மூடித் திறப்பதற்குள் பிரித்துப் பூட்டிக் காட்டுவார்கள். நேரம் குறித்துக்கொள்வோம், தேறிவிடும். அதே கருவி யூனிட்டுக்கு வந்த பிறகு பார்த்தால், ஒரு மூடியைக் கழற்ற நான்கு வகை ஸ்குருடிரைவர் தேவைப்படும். அதில் ஒன்று அவர்களிடம் மட்டுமே இருக்கும். பனியில் கை விறைத்திருக்கும்போது சின்ன ஸ்குரு ஒன்று கீழே விழுந்தால் அவ்வளவுதான், தேடக்கூட முடியாது.

சோதனையின்போது நிறுவனத்தார் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும், எங்கள் பையன்கள் பிரிக்கட்டும் என்று ஒரு முறை கேட்டேன். விதியில் இடமில்லை என்றார்கள். எந்த விதி என்று யாரும் எடுத்துக் காட்டவில்லை. பொறியாளர் தம்பி, உங்கள் கருவியிலும் ஸ்குரு எத்தனை வகை என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

பாதுகாப்பு நிதிப் பிரிவில் இருந்தவர்:

இதுவரை எழுதிய மூவரும் விதிகளை வானத்திலிருந்து விழுந்தவை போலப் பேசுகிறீர்கள். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு ஊழலோ ஒரு வழக்கோ இருக்கிறது.

1986இல் 410 போஃபர்ஸ் பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டோம். அந்தப் பீரங்கி 1999 கார்கில் போரில் எப்படி உழைத்தது என்பது அதிகாரி ஐயாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் லஞ்சப் புகார் கிளம்பிய பிறகு புதிதாக இன்னொரு 155 மில்லிமீட்டர் பீரங்கி வாங்க 30 ஆண்டுகள் பிடித்தன. 2016 நவம்பரில் 145 எம்-777 பீரங்கிகளுக்கு ஒப்பந்தம் ஆன பிறகுதான் அந்த வறட்சி முடிந்தது. இடையில் வந்த டெண்டர்கள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. 2012இல் ஆறு நிறுவனங்களைப் பத்தாண்டுக்குத் தடை செய்தபோது, பீரங்கிப் போட்டியில் இருந்த ஒரு நிறுவனமும் அதில் அடிபட்டது. முப்பது ஆண்டுகளாக அலுவலகத்தில் எல்லோரும் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான். கையெழுத்துப் போட்டவரை ஓய்வுக்குப் பிறகும் விசாரணைக்கு அழைப்பார்கள். கையெழுத்துப் போடாமல் கோப்பைச் சுற்றுக்கு அனுப்பியவரை யாரும் அழைத்ததில்லை.

எல்1 முறையையும் எல்லோரும் திட்டுகிறார்கள். சோதனையில் தேறியவர்களில் மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்பது அந்த முறை. அதில் நூலிழையில் தேறியவரும் அபாரமாகத் தேறியவரும் ஒன்று. அது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் 2016 கொள்முதல் நடைமுறையில் கூடுதல் திறனுக்கு மதிப்பெண் தர வழி செய்தார்கள், 10 சதவீதம் வரை. அதைத் துணிந்து பயன்படுத்தச் சொல்லுங்கள் பார்ப்போம். "இந்தக் கூடுதல் திறனை யாருக்காகச் சேர்த்தீர்கள்?" என்ற கேள்வி உடனே வரும்.

அவசரக் கொள்முதல்தான் மருந்து என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 லடாக் மோதலுக்குப் பிறகு துணைத் தளபதிகளுக்கு 300 கோடி ரூபாய் வரை அவசரமாக வாங்க அதிகாரம் கொடுத்தார்கள். பல நல்ல பொருட்கள் வேகமாக வந்தன, மறுக்கவில்லை. ஆனால் 2025 பிப்ரவரியில், சீனப் பாகங்கள் இருக்கின்றன என்று 400 டிரோன்களுக்கான ஒப்பந்தங்களை ரத்து செய்ய வேண்டி வந்ததே, அதையும் நினைவில் வையுங்கள். மெதுவான வழியில் இருந்த கேள்விகள் சில, வீண் கேள்விகள் அல்ல.

என் யோசனை சாதாரணமானது. தேவைக் குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது ஏன் வேண்டும், யார் கேட்டது என்று எழுதி, கேட்டவர் கையெழுத்திடட்டும். விசிறியின் 55 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு பெயர் இருந்திருந்தால், மலைக்கும் அது வேண்டுமா என்று அவரிடமே கேட்டிருக்கலாம். பேரம், தளர்வு எல்லாம் டெண்டருக்கு முன்பு, எல்லா நிறுவனங்களையும் வைத்துக்கொண்டு, பகிரங்கமாக நடக்கட்டும். அதன் பிறகு வரி மாறக் கூடாது. அந்தக் கட்டத்தில் மாறினால் நானே ஆட்சேபம் எழுதுவேன்.

அரசு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர்:

நிதிப் பிரிவுக்காரர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் டெண்டருக்கு முன்பு பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், பேசுவதற்குக் கையில் ஒரு பொருள் வேண்டும். காகிதத்தை வைத்துப் பேசினால் மறுபடி விளம்பரப் புத்தகம்தான்.

உண்மையான சோதனையில் காசு மிச்சம் பிடிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, எங்கள் கூடத்தில் புதிதாகச் சேரும் இளைஞர்களிடம் நான் சொல்லும் உதாரணம் அமெரிக்கக் கடற்படையின் மார்க் 14 டார்பிடோ. விலை அதிகம் என்று போருக்கு முன் அதை வெடிபொருளோடு சுட்டுப் பார்க்கத் தயங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகள் சுட்ட டார்பிடோக்கள் கப்பலுக்கு அடியில் போயின, முன்கூட்டியே வெடித்தன, நேராக மோதியும் வெடிக்காமல் போயின. மாலுமிகளின் குறிபார்ப்பைத்தான் முதலில் குறை சொன்னார்கள். 1942இல் ஆஸ்திரேலியாவின் ஆல்பனி துறைமுகத்துக்கு அருகே மீன்வலையைத் தொங்கவிட்டு அதில் சுட்டுப் பார்த்தார்கள். வலையில் விழுந்த ஓட்டை, குறித்த ஆழத்தைவிடச் சுமார் பத்தடி கீழே இருந்தது. ஒரு வலை! ஆழம் சரியான பிறகுதான் மற்றக் குறைகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. எல்லாம் சீராக 1943 பிற்பகுதி ஆகிவிட்டது.

நம்மிடமும் நல்ல முன்னுதாரணம் உண்டு. பினாகா ராக்கெட் அமைப்பு, மேம்பாடு முழுமையாக முடியாத நிலையிலேயே, கார்கிலில் களம் கண்டது. படைவீரர் கையில் முன்கூட்டியே போனதால் அது கெட்டுப்போய்விடவில்லை. கடற்படையை எடுத்துக்கொண்டால், கப்பல் வடிவமைப்புக்கென்று 1960களிலிருந்தே சொந்தப் பிரிவு வைத்திருக்கிறது. வரைபலகையில் இருப்பவரும் சீருடைக்காரர்தான். கப்பலில் போகிறவரும் அவருடைய சக அதிகாரிதான். எங்களுக்கும் தரைப்படைக்கும் அப்படியான நெருக்கம் வெகுநாள் இல்லை. 2016இல் தரைப்படை வடிவமைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியபோது, களத்துப் பிரச்சினைகளை அவர்களே தொகுத்துத் தர ஆரம்பித்தார்கள். "இந்தக் கருவி வேண்டும்" என்று வருவதற்கும் "இரவில் இந்தச் சிக்கல் இருக்கிறது" என்று வருவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டாவதற்கு எங்களால் மூன்று விதமாக விடை தேட முடிகிறது.

தேஜஸ் போர் விமானம் தாமதமானதைப் பற்றி யாராவது கேட்பார்கள், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன். 1983இல் அனுமதி, 2001 ஜனவரியில் முதல் பறப்பு, 2016இல் முதல் படைப்பிரிவு. இந்த இடைவெளியில் 1998 அணுச் சோதனைக்குப் பின் வந்த அமெரிக்கத் தடையும் இருக்கிறது. எல்லாப் பழியையும் ஒரே மேசையில் கொட்ட முடியாது.

பீரங்கிப்படை அதிகாரி:

ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் என்பதை முழுமனதாக ஏற்கிறேன். என் காலத்தில் அப்படி இருந்திருந்தால் ஆவணம் பாதியாகக் குறைந்திருக்கும். நிதிப் பிரிவு நண்பரிடம் ஒரே ஒரு கேள்வி. டெண்டருக்கு முன்பு ஒரு படைப்பிரிவிடம் கருவிகளை ஒரு பருவம் முழுக்கக் கொடுத்துப் பார்க்க, அந்தச் செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவீர்கள்?

பாதுகாப்பு நிதிப் பிரிவில் இருந்தவர்:

இப்போதைக்குத் தலைப்பு இல்லை என்பதுதான் நேர்மையான பதில். சிறு நிறுவனங்களின் தலையில் கட்டாமல், மூன்று நான்கு நிறுவனங்களின் முன்மாதிரிகளை அரசே விலை கொடுத்து வாங்கிப் படைப்பிரிவிடம் தரலாம். தோற்ற கருவிக்கும் பணம் கொடுத்திருப்போம் என்பதால் தணிக்கையில் கேள்வி வரும். பின்னால் ஒரு முழு டெண்டர் கவிழ்வதோடு ஒப்பிட்டால் சிறிய தொகை என்று நான் குறிப்பெழுதத் தயார்.

சிறு நிறுவனப் பொறியாளர்:

அந்தக் குறிப்பின் நகலுக்கு முதல் மனு என்னுடையதாக இருக்கும். ஹவில்தார் ஐயா, எண்ணிப் பார்த்தோம். மூன்று வகை ஸ்குரு இருந்தது. அடுத்த மாதிரியில் ஒரே வகைதான், கழற்றினாலும் மூடியிலேயே தொங்கும்படி செய்திருக்கிறோம். பிரித்துப் பார்க்க உங்கள் பழைய யூனிட்டில் யாரிடம் அனுமதி கேட்பது என்று மட்டும் சொல்லுங்கள்.