பைத்தானில் நிஜ கோர் எண்ணிக்கையை எடுப்பது எப்படி?

பேரேடு_காரைக்குடி:
வணக்கம். காரைக்குடியில் ஸ்கேனிங் கடை வைத்திருக்கிறேன். கானாடுகாத்தான் வீடு ஒன்றிலிருந்து ரங்கூன் காலத்து வட்டிக்கணக்குப் பேரேடுகள் வந்திருக்கின்றன. கறையை நீக்கி எழுத்தைத் தெளிவாக்க பைத்தானில் புரோகிராம் எழுதினேன். சிபியூவில் எத்தனை கோரோ அத்தனை புராசஸ் (தனித்தனியாக ஓடும் வேலை) ஓடட்டும் என்று ஓஎஸ்.சிபியூ_கவுண்ட்() போட்டால், ஐ5-12400 மெஷினில் 12 வருகிறது. அதில் இருப்பது 6 கோர். பாதியாக்கலாம் என்றால் தம்பியின் ஐ7-12700-ல் 20 வருகிறது. பாதி 10, ஆனால் அதில் 12 கோர்! 12 புராசஸ் விட்டால் 16 ஜிபி ராமும் நிரம்பி என் மெஷின் நின்றுவிடுகிறது. தாளைத் தொட்டாலே ஓரம் உதிர்கிறது, பேரேட்டை ரொம்ப நாள் கடையில் வைத்திருக்க மனசு வரவில்லை. சரியான எண்ணை எப்படி எடுப்பது?

தேவகோட்டை_கோடர்:
அண்ணே, அது தருவது லாஜிக்கல் கணக்கு, அதாவது சிஸ்டத்தின் கண்ணுக்குத் தெரியும் எண்ணிக்கை. ஹைப்பர்த்ரெடிங் (ஒரே கோர் ஒரே சமயத்தில் இரண்டு வேலை பார்க்கும் வசதி) உள்ள கோர் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரியும். ஐ7-12700-ல் 8 பெரிய கோருக்கு 16. சின்ன கோர் 4-க்கும் ஹைப்பர்த்ரெடிங் கிடையாது, அதனால் 4. ஆக 20. பாதியாக்குவது இங்கே உதைப்பது அதனால்தான். பிஎஸ்யூடில் என்ற லைப்ரரியைப் போட்டு, பிஎஸ்யூடில்.சிபியூ_கவுண்ட்(லாஜிக்கல்=ஃபால்ஸ்) என்று கேளுங்கள். சில மெஷினில் 'நன்' (எண் தெரியவில்லை) வரலாம், அதற்கு ஒரு மாற்று எண் எழுதி வையுங்கள்.

லினக்ஸ்_பள்ளத்தூர்:
லினக்ஸ் என்றால் லைப்ரரியே வேண்டாம். /ப்ராக்/சிபியூஇன்ஃபோவில் 'பிசிக்கல் ஐடி', 'கோர் ஐடி' இரண்டையும் ஜோடியாக எடுத்து, திரும்ப வருவதைத் தள்ளினால் மிச்சம்தான் கோர். டாஸ்க்செட் கட்டளையால் புரோகிராமுக்குச் சில கோர்களை மட்டும் ஒதுக்கியிருந்தால் ஓஎஸ்.ஸ்கெட்_கெட்அஃபினிட்டி(0) பாருங்கள். அது தருவதும் லாஜிக்கல் கணக்குதான். பைத்தான் 3.13-ல் இந்த ஒதுக்கீட்டை எண்ணுவதற்கே ஓஎஸ்.ப்ராசஸ்_சிபியூ_கவுண்ட்() வந்துவிட்டது.

பேரேடு_காரைக்குடி:
பிஎஸ்யூடிலில் 6, 12 என்று சரியாக வந்தது, ரொம்ப நன்றி. ஆனால் 6 விட்டாலும் ராம் விளிம்பில்தான் நிற்கிறது. பக்கம் 13க்கு 8 அங்குலம், 600 டிபிஐ, கலர்.

தேவகோட்டை_கோடர்:
அப்படியென்றால் இடிப்பது கோர் இல்லை அண்ணே. 7800 × 4800 பிக்சல், மூன்று நிறம்: ஒரு பக்கமே சுமார் 112 எம்பி. எண்ணுக்கு 4 பைட் பிடிக்கும் ஃப்ளோட்32-க்கு மாற்றினால் 450. நடுவில் நாலைந்து நகல் எடுத்தால் ஒரு புராசஸே 2 ஜிபியைத் தாண்டும். எண்ணுக்கு 1 பைட் மட்டும் பிடிக்கும் யூஇன்ட்8-லேயே வேலையை முடியுங்கள். கோர் எண்ணிக்கை, ராம் தாங்கும் எண்ணிக்கை, இரண்டில் சிறியதைப் போடுங்கள். படத்துக்கான ஓப்பன்சிவி லைப்ரரி என்றால் செட்நம்த்ரெட்ஸ்(1) போடாமல் விடாதீர்கள். ஒவ்வொரு புராசஸும் தன் பங்குக்குத் த்ரெட் (புராசஸுக்குள் ஓடும் கிளை வேலை) கிளப்பும்.

பேரேடு_காரைக்குடி:
யூஇன்ட்8 ஆக்கி, த்ரெட்டையும் ஒன்றாக்கினேன். 6 புராசஸும் திணறாமல் ஓடுகின்றன. முதல் பேரேடு முடிந்தது, நாளை வீட்டுக்காரரிடம் ஒப்படைக்கிறேன்.