மிடி - யூஎஸ்பி கேபிள்: நடு சி-யை அமத்தினா 80 3சி 00 எண்டு வருது

சுருதிக்கட்டை, கொட்டாஞ்சேனை:
வணக்கம். பழைய கீபோர்டின்ர 5 ஊசி மிடி (இசைக்கருவிகள் சேதி அனுப்புற முறை) அவுட்டில இருந்து லெப்டொப்புக்கு யூஎஸ்பி கேபிள் ஒண்டு செய்யிறன். உள்ளுக்க 5 வோல்ட் ப்ரோ மைக்ரோ (சின்ன ஆர்டுயினோ பலகை), 6என்138 ஒப்டோ (வெளிச்சத்தால சிக்னலைக் கடத்துற சிப்), 220 ஓம், 1என்4148 டயோட். ஒப்டோவின்ர 6ஆம் காலில இருந்து 5 வோல்ட்டுக்கு 10கே போட்டிருக்கு. 7ஆம் கால் சும்மா கிடக்கு. சீரியல்1, வேகம் வினாடிக்கு 31250 பிட்.

நடு சி-யை அமத்தினா 90 3சி 40 எண்டு வரவேணும் (பதினாறின் அடி எண்கள்: 90 சுரம் தொடங்கு, 3சி நடு சி, 40 அழுத்தம்). பத்துத் தரத்தில எட்டுத் தரம் 80 3சி 00 எண்டுதான் வருது, 80 எண்டா சுரத்தை நிப்பாட்டு, அதால சத்தம் இல்லை. டின் பிளக்கை (அந்த 5 ஊசி பிளக்) மூண்டு தரம் கழட்டி ஒட்டிப் பாத்தாச்சு. கீபோர்டில பிழையோ?

ஈயக்கம்பி:
கீபோர்ட் நல்லாத்தான் இருக்கு தம்பி. பிளக்கையும் இனித் தொடாதேங்கோ. அதின்ர 4ஆம் ஊசியும் 5ஆம் ஊசியும் மாறியிருந்தா ஒரு பைட் கூட வராது. பிழை அந்த 10கே-யிலதான்.

வந்த எண்களையே பாருங்கோ. 90 எண்டது 80 ஆனது ஒரு 1 விழுந்ததால. 40 எண்டது 00 ஆனதும் அப்பிடித்தான். 3சி மட்டும் தப்பியிருக்கு. மிடியில 0 வந்தா ஒப்டோவுக்குள்ள எல்ஈடி எரியும், 1 வந்தா அணையும். ஒரு பிட்டுக்குக் கிடைக்கிறது 32 மைக்ரோசெக்கன். 6என்138 ஒரு டார்லிங்டன் சோடி, ரெண்டு ட்ரான்சிஸ்டர் அடுக்கினது. எல்ஈடி அணைஞ்சாலும் உள்ளுக்க தேங்கின சார்ஜ் வடியுமட்டும் வெளிக்கால் (6ஆம் கால்) கீழேயே கிடக்கும், 10கே அதை மெதுவாத்தான் மேல இழுக்கும். பைட்டின்ர மதிப்புக் குறைஞ்ச பிட் முதல்ல போறதால, 40-இல ஸ்டார்ட் பிட்டோட (ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால வாற 0) ஏழு 0 வரிசையா வந்த பிறகுதான் அந்தத் தனி 1 வரும். 90-இல அஞ்சு 0. 3சி-க்கு மூண்டுதான், அதோட நாலு 1 சேர்ந்து வருது. கனநேரம் எரிஞ்ச பிறகு வாற தனி 1தான் உங்களுக்குத் தொலையுது.

ஒப்டோவின்ர 6ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் இடையில இருக்கிற 10கே-யைக் கழட்டி 470 ஓம் போடுங்கோ. கழட்டின 10கே-யை 7க்கும் 5க்கும் இடையில போடுங்கோ, சார்ஜ் வடிய வழி அதுதான். 8க்கும் 5க்கும் குறுக்கால 104 கப்பாசிட்டர் (0.1 மைக்ரோஃபாரட்) ஒண்டு, சிப்புக்குக் கிட்டவா. டயோடின்ர கோடு போட்ட பக்கம் 2ஆம் காலில இருக்கோ எண்டும் ஒருக்காப் பாருங்கோ.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில 6என்138 இல்லாட்டி 6என்137-ஐ வாங்கிக்கொண்டு வந்திடாதேங்கோ. அதில 7ஆம் காலின்ர வேலையே வேற.

சுருதிக்கட்டை:
மாத்தினன் அண்ணா. இப்ப ஒவ்வொரு தரமும் 90 3சி 40 சரியா வருது. ஆனா சி, ஈ, ஜி மூண்டையும் சேத்து அமத்தினா சி மட்டும் கேக்குது. கையை எடுத்தாலும் அது நிக்காது. வந்த பைட்டுகள் இவ்வளவும்: 90 3சி 40 40 40 43 40. புரோகிராமில மூண்டு பைட் சேருமட்டும் காத்திருந்து, மூண்டு மூண்டா வாசிக்கிறன்.

பிட்டும்பைட்டும்:
வயரிங்கில குறை ஒண்டும் இல்லை. அந்த ஏழு பைட்டும் சரி, வாசிக்கிற முறைதான் பிழை. இதுக்கு ரன்னிங் ஸ்டேட்டஸ் எண்டு பேர். முந்தின கட்டளையே திரும்ப வந்தா கீபோர்ட் 90-ஐ ரெண்டாம் தரம் அனுப்பாது. ஒரு பைட்டுக்கு 320 மைக்ரோசெக்கன் போகுது, அதை மிச்சம் பிடிக்கத்தான். அதால 90 3சி 40 முதலாவது சுரம், 40 40 ரெண்டாவது, 43 40 மூண்டாவது. ஈ-யின்ர எண்ணும் 40, அழுத்தமும் 40, அதுதான் பாக்கக் குழப்பம். நீங்கள் மூண்டு மூண்டா வெட்ட 40 40 43 எண்டு அர்த்தமில்லாத துண்டு வருது, அதுக்குப் பிறகு எல்லாம் இடம் மாறிப்போகுது. சுரத்தை நிப்பாட்டவும் கன கீபோர்டுகள் 80 அனுப்பாமல் அழுத்தம் 00 எண்டு 90-இலயே அனுப்பும். அது தவறினா சுரம் நிக்காது.

ஒரு பைட் 80க்கும் ஈஎஃப்-க்கும் இடையில எண்டா அதைக் கட்டளையா நினைவில வையுங்கோ. 80க்குக் குறைஞ்சா தரவு. சுரக் கட்டளைக்கு ரெண்டு தரவு சேர்ந்தவுடன அனுப்புங்கோ. எஃப்8 தொடக்கம் எஃப்எஃப் வரை இடையில எங்கையும் வரும், அதுக்காக நினைவை அழிக்காதேங்கோ. எஃப்0 தொடக்கம் எஃப்7 வரை வந்தா அழிச்சிடுங்கோ. இதெல்லாம் எழுதப் பஞ்சி எண்டா ஆர்டுயினோ மிடி லைப்ரரி இதைத் தானே பாத்துக்கொள்ளும். யூஎஸ்பி பக்கம் 09 90 3சி 40 எண்டு நாலு பைட்டா விட்டு ஃப்ளஷ் (உடன அனுப்பு எண்ட கட்டளை) குடுக்க மறக்காதேங்கோ.

ஈயக்கம்பி:
பெட்டியை மூடமுதல் இன்னுமொண்டு. டின் 2ஆம் ஊசியின்ர ஷீல்டை (வயரைச் சுத்தின கவசம்) உங்கட பலகையின்ர கிரவுண்டோட ஒட்டியிருந்தா வெட்டி விடுங்கோ. அது கீபோர்ட் பக்கத்தில மட்டும் கிரவுண்டுக்குப் போனாப் போதும். ரெண்டு பக்கமும் சேந்தா ஒப்டோ போட்டதுக்கே பலனில்லை, லெப்டொப் சார்ஜரின்ர இரைச்சல் ஸ்பீக்கரில கேக்கும்.

இனிப் பிளக் ஒட்டேக்க அதை ஒரு சொக்கெட்டில குத்தி வைச்சு ஒட்டுங்கோ. சூட்டுக்கு பிளாஸ்டிக் இளகி ஊசி சரியும். பிளக்கின்ர ஊசிப் பக்கத்தில இருந்து பாத்தா ஊசி வரிசை 1, 4, 2, 5, 3. ஒட்டுற பக்கத்தில இருந்து பாத்தா இடப்பக்கம் வலப்பக்கமாகும்.

சுருதிக்கட்டை:
லைப்ரரியைப் போட்டன், மூண்டு சுரமும் வருது, கையெடுக்க நிக்குது. ஷீல்ட் ஒட்டித்தான் இருந்தது, வெட்டிட்டன். நன்றி அண்ணாமார்.