'நாக் ஆஃப்'னா தட்டச் சொல்றாங்கன்னு நினைச்சேன்: உங்க கதையும் சொல்லுங்க

துவாஸ் வெல்டர்:
2011ல சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு கப்பல் பட்டறை. வேலைக்குச் சேர்ந்து முதல் வாரம். டேங்குக்குள்ள குந்தி உட்கார்ந்து வெல்டிங் கசடைச் சுத்தியலால தட்டிக்கிட்டு இருக்கேன். சீன ஃபோர்மேன் மேலேருந்து எட்டிப் பார்த்து "நாக் ஆஃப், நாக் ஆஃப்!"ங்கிறார். தட்டி எடுக்கச் சொல்றார்போலன்னு தட்டினேன். பத்து நிமிஷத்துல மறுபடியும் வந்து "ஐ சே நாக் ஆஃப் லா!" சரி, வேகம் பத்தலைன்னு இன்னும் நாலு போடு பலமா போட்டேன். மனுஷன் காதைப் பொத்திக்கிட்டு இறங்கி வந்து, வாட்சைக் காட்டி, என்னை ஏணி வரைக்கும் இழுத்துட்டுப் போனார். வெளியே லாரில இருபது பேர், டார்மிட்டரிக்குப் போகணும், பசி வேற. அன்னைக்கு வாங்கின பேச்சை இங்க எழுத முடியாது.

வேலை முடிஞ்சுது, கிளம்பு. அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். சிங்கப்பூர்ல "வாட் டைம் நாக் ஆஃப்?" காதுல விழாத நாளே கிடையாது. நடுவுல ஒரு 'இட்' போட்டு 'நாக் இட் ஆஃப்'னா "போதும், நிறுத்துடா"ன்னு அதட்டல். அதையே கடைக்காரர் 'நாக் ஆஃப் டூ டாலர்'னு சொன்னா ரெண்டு வெள்ளி தள்ளுபடி!

உட்லண்ட்ஸ் மருமகள்:
அண்ணே, உங்களுக்காக லாரிதான் காத்திருந்துச்சு. நான் மாமியார் உயிரோட விளையாடிட்டேன். தஞ்சாவூர்லேருந்து வந்திருந்தாங்க, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுறவங்க. டாக்டர் "கட் டவுன் ஆன் ரைஸ்"னார். நானும் பெரிய மொழிபெயர்ப்பாளர் கணக்கா, "அத்தை, சோத்தை விட்டுடணுமாம்"னேன். 'கட் டவுன்'னா குறைக்கிறது, 'கட் அவுட்'னாதான் அடியோட நிறுத்துறது. அத்தைக்கு டாக்டர் பேச்சு வேதவாக்கு. சோத்தை விட்டாங்க, மாத்திரையை விடலை. மூணாம் நாள் மத்தியானம் கை நடுங்குது, நைட்டி தொப்பலா நனையுற அளவுக்கு வேர்வை. சர்க்கரை இறங்கிடுச்சு. சட்டுனு மைலோல ரெண்டு ஸ்பூன் சீனி போட்டுக் கொடுத்ததும்தான் தெளிஞ்சாங்க. டாக்டர் மேல தப்பே இல்ல, என் வாய்தான்.

இப்ப நான் கோப்பிக்கடை பாஷைலதான் ஞாபகம் வச்சிருக்கேன்: கட் டவுன்னா 'சியூ தாய்' (சீனி கம்மி), கட் அவுட்னா 'கோசோங்' (சீனியே வேணாம்).

பாசிர் ரிஸ் பையன்:
அக்கா, சியூ தாய் சூப்பர்! நம்மளுது சின்னக் கதை. மேனேஜர் மீட்டிங்கை 'கால்ட் ஆஃப்'னு மெசேஜ் போட்டார். நான் கஸ்டமர்கிட்ட 'புட் ஆஃப்'னுட்டேன். ரத்துன்னு சொல்ல வேண்டியதைத் தள்ளிவச்சதாச் சொல்லிட்டேன். அவங்க வாரம் தவறாம "என்னைக்கு வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டு என் உசுரை வாங்கினாங்க.

துவாஸ் வெல்டர்:
தம்பி, நம்ம தமிழ் மட்டும் லேசா என்ன? அந்த ஃபோர்மேன் இப்ப என்கிட்ட தமிழ் கத்துக்கிறார். 'கைவிடு'ன்னா கிவ் அப், 'விட்டுக்கொடு'ன்னா கிவ் இன், 'விட்டுத்தள்ளு'ன்னா கவலைப்படாதேன்னு சொல்லிக் கொடுத்தேன். எல்லாத்துலயும் ஒரே 'விடு'தானே, எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு புத்தகத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தார். நான் வாட்சைக் காட்டி "நாக் ஆஃப் லா"ன்னேன்.