ஆபர்னுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: கடைசி ஒரு வினாடியின் கதை

கேள்வி (ஆபர்ன் வந்து மூன்று வாரம்)

எல்லாருக்கும் வணக்கம். அலபாமா மாநிலத்தில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்ந்திருக்கிறேன். வீடு, வங்கிக் கணக்கு, சிம் எல்லாம் முடிந்தது. ரூம்மேட்கள் மூன்று பேரும் தெலுங்குப் பையன்கள், நல்லவர்கள். இப்போது வேறு ஒரு சிக்கல். லேபில் இரண்டு பேர் சேர்ந்தாலே ஃபுட்பால் பேச்சுதான், நம் ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். நேற்று புரொஃபசர், "கிக் சிக்ஸ் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். கிரிக்கெட் சிக்ஸர் என்று நினைத்து ஏதோ உளறிவைத்தேன். அறையே சிரித்தது. இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா, இல்லை தலையாட்டியே இரண்டு வருஷம் ஓட்டிவிடலாமா?

பதில் (ஆபர்னில் 2013 முதல் 2015 வரை)

தம்பி, தலையாட்டுகிற வேலை அந்த ஊரில் நடக்காது. விதிகளை மெதுவாகப் பழகிக்கொள்ளலாம், அவசரமில்லை. புரொஃபசர் கேட்ட கிக் சிக்ஸ் நடந்த 2013 நவம்பர் 30 என்ற தேதியை மட்டும் இன்றே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். "அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று ஊர்க்காரர் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். குழாய் ரிப்பேர் செய்ய வருபவரோ துறைத் தலைவரோ, கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பிப்பார். ஆபர்னில் எனக்குக் கிடைத்த நட்பில் பாதி இந்த ஒரு கேள்வியால் கிடைத்தது.

முன்கதை கொஞ்சம் வேண்டும். ஆபர்னுக்கும் டஸ்கலூசாவில் இருக்கும் அலபாமா பல்கலைக்கழகத்துக்கும் ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிற ஆட்டத்துக்கு அயர்ன் பவுல் என்று பெயர். முதல் ஆட்டம் 1893இல். இடையில் சண்டை முற்றி 1907க்குப் பிறகு 40 வருஷம் இரண்டு பேரும் மோதிக்கொள்ளவே இல்லை. பகை அந்த அளவு. 2012இல் ஆபர்ன் 12 ஆட்டங்களில் 9 தோற்றது. அலபாமாவிடம் வாங்கியது 49-0. அலபாமாவோ 2011, 2012 என்று இரண்டு வருஷமும் தேசிய சாம்பியன். 2013இல் கஸ் மல்சான் என்ற புது கோச் வந்தார். அதே அணி எழுந்து உட்கார்ந்தது. நவம்பர் கடைசியில் அலபாமா நாட்டிலேயே முதலிடம், ஆபர்ன் நான்காவது இடம்.

நான் அந்த ஆகஸ்டில்தான் வந்து இறங்கியிருந்தேன். தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் வளாகம் வெறிச்சோடிவிடும் என்று சீனியர்கள் சொன்னார்கள். வியாழன், வெள்ளி அப்படித்தான் இருந்தது. சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால் திருவிழாக் கூட்டம். வேன் வேனாக வந்து கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டேடியத்தில் அப்போது 87,451 இருக்கை. டிக்கெட் இல்லாமலே ஊருக்கு வந்தவர்கள் வேறு. (ஜோர்டன்-ஹேர் ஸ்டேடியம் என்று எழுதுவார்கள், சொல்லும்போது ஜெர்டன். தப்பாகச் சொன்னால் அந்த இடத்திலேயே திருத்துவார்கள்.)

எங்களிடமும் டிக்கெட் இல்லை. வயர் ரோடு அபார்ட்மென்டில் ஐந்து பேர். முந்தின நாள் பிளாக் ஃபிரைடேயில் வரிசையில் நின்று வாங்கின டிவி, பெட்டியைப் பிரித்த வாசனைகூடப் போகவில்லை. கேபிளுக்குக் காசு கட்ட மனசு வரவில்லை, அதனால் லேப்டாப்பைச் செருகி இணையத்தில் பார்த்தோம். ஆட்டம் எங்கள் திரைக்கு வந்துசேர அரை நிமிஷம் தாமதம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிய 32 வினாடி இருக்கும்போது ஆபர்ன் 28-28 என்று சமன் செய்தது. ஆபர்னுக்குப் பந்து வீசும் நிக் மார்ஷல் ஓடுகிற மாதிரி ஓடி, பந்து கிளம்பிய கோட்டைத் தாண்டுவதற்கு முன்னால் சட்டென்று சாமி கோட்ஸுக்கு வீசிவிட்டார். அதன் பிறகு அலபாமாவின் டி.ஜே. யெல்டன் பந்தோடு ஓடி எல்லைக்கோட்டுக்கு வெளியே போனபோது கடிகாரம் 0:00 ஆகிவிட்டது. இனி கூடுதல் நேரம்தான் என்று சாப்பாடு எடுத்துவைக்க ஒருவன் எழுந்துபோனான். அலபாமா கோச் நிக் சேபன் விடவில்லை, வினாடி மிச்சம் இருக்கிறது என்று வாதாடினார். நடுவர்கள் வீடியோவைப் பார்த்து ஒரே ஒரு வினாடியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த ஒரு வினாடியில் 57 யார்டு தூரத்திலிருந்து பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பப் பார்த்தது அலபாமா. போனால் 3 புள்ளி, வெற்றி. வழக்கமாக உதைக்கும் கேட் ஃபாஸ்டர் அன்று முழுக்கச் சொதப்பியிருந்தார், அதனால் முதலாண்டு ஆட்டக்காரர் ஆடம் கிரிஃபித்தை இறக்கினார்கள். ஆபர்ன் ஒரு டைம்அவுட் கேட்டு, கிறிஸ் டேவிஸைக் கம்பத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தியது. எங்கள் திரையில் வீரர்கள் அப்போதுதான் வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக ஒரு சத்தம் வந்தது. ஸ்டேடியம் ஒன்றரை மைலாவது இருக்கும். "உதை தவறிவிட்டது, அதுதான் கத்துகிறார்கள்" என்றேன். உதை தவறியதற்கான சத்தம் என்றால் எழும்பி அடங்க வேண்டும். இது அடங்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திரையில் இன்னும் பந்தை உதைக்கவே இல்லை!

பிறகு உதைத்தார்கள். பந்து கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கியது. இங்கேதான் விதி. எட்டாமல் இறங்கும் பந்து செத்த பந்து இல்லை, எதிரணி பிடித்து ஓடலாம். உதைக்கிற அணியில் அந்த நேரம் நிற்பவர்களில் பெரும்பாலோர் தடுப்பதற்கென்றே இருக்கிற பாரமான ஆட்கள். டேவிஸ் பின்கோட்டுக்கு ஒரு யார்டு உள்ளே பந்தைப் பிடித்தார். கொஞ்சம் வலப்பக்கம் போக்குக் காட்டி, இடது ஓரத்தைப் பிடித்து ஓடினார். 109 யார்டு. கடைசி முப்பது யார்டில் பக்கத்தில் ஓடியவர்கள் எல்லாம் அவர் கட்சி ஆட்கள்தான். உதைத்த பந்திலிருந்து 6 புள்ளி, அதனால்தான் கிக் சிக்ஸ். 34-28.

2018இல் கொழும்பில் தினேஷ் கார்த்திக் கடைசிப் பந்தில் அடித்த சிக்ஸரோடு இதை ஒப்பிடலாமா என்று ஒரு நண்பன் கேட்டான். பொருந்தாது. அங்கே 5 ரன் வேண்டும், அடித்தவர் ஜெயித்தார். இங்கே ஜெயிக்க அடித்தவர் கையாலேயே தோல்வி. கடைசிப் பந்தில் நீங்கள் தூக்கி அடிக்க, எல்லையில் நின்றவன் அதைப் பிடித்துக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு ஓடினால் எப்படி இருக்கும், அப்படி.

இந்தியாவில் அப்போது ஞாயிறு விடியற்காலை. அம்மாவுக்கு போன் போட்டேன். பின்னால் ஐந்து பேர் கத்துகிற சத்தம் கேட்டு "என்னடா ஆச்சு, எங்கேயாவது தீப்பிடிச்சிருச்சா?" என்று பதறிவிட்டார்கள். விளக்க முடியவில்லை. வைத்துவிட்டு டூமர்ஸ் கார்னருக்கு நடந்தோம். வெற்றி கிடைத்தால் அந்த முக்கில் டாய்லெட் பேப்பரைச் சுருள் சுருளாக வீசி மரங்களை வெள்ளையாக்குவது அவர்கள் வழக்கம். முன்பு அங்கே இரண்டு பெரிய ஓக் மரங்கள் இருந்தன. 2010 அயர்ன் பவுலுக்குப் பிறகு அலபாமா ரசிகர் ஒருவர் அவற்றுக்கு விஷம் வைத்துவிட்டார். 2013 ஏப்ரலில் வெட்டும்படி ஆயிற்று. நாங்கள் போனபோது மரங்கள் இல்லை, கட்டியிருந்த கம்பிகள் மேலேயும் பக்கத்து மரங்கள் மேலேயும் வீசிக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பாட்டி என் கையில் ஒரு சுருளைத் திணித்து வீசச் சொன்னார். நான் வீசியது பாதியிலேயே கீழே விழுந்தது. இன்னொன்று கொடுத்தார்.

ஸ்டேடியத்துக்குள் இருந்தவர்கள் செடிவேலியைத் தாண்டிக் குதித்து மைதானத்தில் இறங்கிவிட்டார்கள் என்பது அப்புறம் தெரிந்தது. யூடியூபில் பாருங்கள், வானொலி வர்ணனை ஒட்டிய வீடியோவாகத் தேடிப் பாருங்கள். பேசியவர் ராட் பிராம்ப்லெட். ஊர்க்காரர்களுக்கு அந்தக் குரல்தான் அந்த ஆட்டம். அவரும் மனைவியும் 2019இல் ஒரு கார் விபத்தில் இறந்துபோனார்கள். அவர் பெயரை எடுத்தால் பேச்சு கொஞ்சம் மெதுவாகும், அதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷத் தேசிய இறுதி ஆட்டம் பற்றி மட்டும் நீங்களாக எடுக்காதீர்கள். 2014 ஜனவரியில் ஃபுளோரிடா ஸ்டேட், 13 வினாடி இருக்கும்போது புள்ளி எடுத்து 34-31 என்று ஜெயித்துவிட்டது.

பதில் (அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம், 14 வருஷம்)

எதிர்க்கட்சி வீட்டிலிருந்தும் ஒரு வார்த்தை. எங்கள் அக்கம்பக்கம் முழுக்க அலபாமா ஆட்கள். அன்றைக்குப் பக்கத்து வீட்டில் கூடியிருந்தோம். எலுமிச்சை சாதம் கொண்டுபோயிருந்தேன், யாரும் தொடவில்லை, அது வேறு கதை. உதைக்கிற நேரத்தில் எல்லாரும் கைகோத்து நின்றார்கள். என்னையும் கோக்க வைத்தார்கள். ஒருவர் பந்தைப் பிடித்து ஓட ஆரம்பித்தார், என்ன அழகான ஓட்டம் என்று நான் கைதட்டிவிட்டேன். நீலச் சட்டை எந்தக் கட்சி என்றுகூட எனக்குத் தெரியாது. கைதட்டுவது நான் மட்டும்தான் என்று உறைக்க இரண்டு வினாடி ஆனது. வீட்டுக்காரர் டிவியை அணைத்தார். ஏன் அணைத்தீர்கள், முடிந்துவிட்டதா என்று வேறு கேட்டேன். என் கணவர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

இந்த மாநிலத்தில் தொழில்முறை என்எஃப்எல் அணி கிடையாது. அதனால் இருக்கிற பாசமெல்லாம் இந்த இரண்டு கல்லூரி மேலேயே விழுகிறது. பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தாலும் சரி, பல் டாக்டரிடம் போனாலும் சரி, எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். இரண்டும் பிடிக்கும் என்று சொல்லாதீர்கள், அதைத்தான் யாரும் மன்னிக்க மாட்டார்கள். ஆபர்னில் படிக்கிறீர்கள், ஆபர்ன்காரர்களின் கோஷமான "வார் ஈகிள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். இங்கே வந்தாலும் மரியாதையாகத்தான் நடத்துவார்கள்.

ஒன்று மட்டும். தோற்ற பக்கத்தாரிடம் அந்த உதைக்காரர்களைக் கிண்டல் பண்ணாதீர்கள். கேட் ஃபாஸ்டருக்குக் கொலை மிரட்டல் வரைக்கும் வந்தது. முன்னாள் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கைப்பட ஆறுதல் கடிதம் எழுதினார். படிக்கிற பிள்ளைகள்தானே அவர்களும்.

பதில் (ஆபர்ன், இப்போது மூன்றாம் வருஷம் பிஎச்.டி.)

கார் வாங்கினால் கவனம். ஆட்ட வாரத்தில் எந்தப் பார்க்கிங்கை வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும் என்று மெயில் வரும். நான் படிக்காமல் விட்டேன். சனிக்கிழமை கார் இழுத்துப் போய்விட்டார்கள், ஒரு மாத மளிகைக் காசு போச்சு. உள்ளே போவதானால் கண்ணாடி மாதிரித் தெரிகிற பை மட்டும்தான் விடுவார்கள். முன்கூட்டியே போங்கள், கழுகு ஸ்டேடியத்தைச் சுற்றிப் பறந்து நடுவில் வந்து இறங்குவதைப் பார்க்காமல் விடக் கூடாது. ஆட்டம் நடக்கும் மூன்று மணி நேரமும் வால்மார்ட் காலியாக இருக்கும். ஆட்டம் பிடிக்காதவர்கள் அப்போது போய்விட்டு வரலாம்.

மேலே அண்ணன் சொன்ன மாதிரி அதிர்ஷ்டம் எனக்கு இல்லை. நான் காசு கொடுத்து உள்ளே போன அயர்ன் பவுல் 2023. ஆபர்ன் 24-20 முன்னிலை. அலபாமாவுக்குக் கடைசி வாய்ப்பு, 31 யார்டு வேண்டும். அவ்வளவு தூரம் யாரும் எடுப்பதில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னைக் கட்டிப்பிடித்தே விட்டார். ஜேலன் மில்ரோ வீசினார், மூலையில் ஐசையா பாண்ட் பிடித்தார். 32 வினாடி மிச்சம். 27-24. கட்டிப்பிடித்தவர் கையை எடுக்கவும் இல்லை, பேசவும் இல்லை. நானும் அப்படியே நின்றேன். அவர் 2013லும் அதே ஸ்டேடியத்தில் இருந்தாராம். வெளியே வரும்போது அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார், இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. வீடியோ பார்த்தேன், நான்கு தடவை. இன்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கத் துறை அலுவலகம் போனேன். அங்கே இருக்கும் அம்மாவிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். அலபாமா 99 யார்டு பாஸில் புள்ளி எடுத்து 28-21 ஆனதும் மனசு விட்டுப்போய் ஸ்டேடியத்தைவிட்டுக் கிளம்பிவிட்டாராம். காரில் ரேடியோ. கடைசி உதை வரும்போது நெடுஞ்சாலையில். ஓரங்கட்டி நிறுத்தினால் முன்னாலும் பின்னாலும் வரிசையாகக் கார்கள் நிற்கின்றன, எல்லாம் இவரைப் போல முன்னாடியே கிளம்பி வந்தவை. ஹாரன் அடித்துக்கொண்டே அழுதாராம். கணவர் உள்ளேயே இருந்திருக்கிறார். பாதியில் போனதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாராம்.

முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. கையெழுத்து வாங்க மறந்துவிட்டேன். நாளைக்கு மறுபடி போகணும்.