ஒரு மின்தடையில் நகரமே நின்றுவிடுவது ஏன்? கண்டுபிடிப்புகளின் வரலாற்றை அறிந்தவர்களிடம் ஒரு கேள்வி

வெள்ளவத்தை வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் கூறியதால், அச்செய்தி வெளிநாடுகளிலும் வேடிக்கையாகப் பேசப்பட்டது. தொடர்மாடிகளில் வாழும் எங்களுக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை. மின்தூக்கி நின்றது. மேல்தாங்கிக்கு நீரேற்றும் மோட்டர் இயங்காததால் சற்று நேரத்தில் குழாய்களிலும் நீர் வரவில்லை. கடைகளில் வங்கி அட்டை செல்லவில்லை. மேல்மாடிகளில் தனியே இருந்த முதியவர்கள் இறங்கவும் முடியாமல், பிள்ளைகளுக்குத் தகவல் சொல்லவும் முடியாமல் இருந்தார்கள். எங்கள் கட்டடத்தின் கூரையில் சூரியப் படலங்கள் இருந்தும், நல்ல வெயில் எறித்த அந்த நண்பகலில் அவற்றால் எங்களுக்கு ஒரு பயனும் கிடைக்கவில்லை.

பாடசாலையில் கண்டுபிடிப்புகளின் வரலாற்றைப் பெயர்களின் வரிசையாகவே படித்தோம். ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைச் செப்பனிட்டார், எடிசன் மின்விளக்கைத் தந்தார், மார்க்கோனி கம்பியில்லாத் தந்தியைத் தந்தார் என்று ஒவ்வொன்றும் மனிதரை ஏதோ ஓர் உழைப்பிலிருந்து விடுவித்ததாகவே சொல்லப்பட்டது. அந்த விடுதலை எந்த இடத்தில் சார்ந்திருத்தலாக மாறியது? மண்ணெண்ணெய் விளக்கும் கிணற்று நீருமாக வாழ்ந்த எங்கள் பாட்டன் பாட்டிமார் நம்மைவிடச் சுதந்திரமாக இருந்தார்களா? அல்லது மனிதர் எக்காலத்திலும் இப்படித்தான் ஏதோ ஒரு கருவியை நம்பி வாழ்ந்தார்களா? துறை அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:

வாசகருக்கு வணக்கம். முதலில் அந்தக் குரங்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் உங்கள் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி அங்கேயே இருக்கிறது. ஓர் உபமின்நிலையத்தில் ஏற்படும் பழுது அந்த வட்டாரத்தோடு நின்றுவிட வேண்டும். அது நாடு முழுவதையும் இருளாக்கியது என்றால், வலையமைப்பு அந்த நேரத்தில் ஏற்கெனவே மெலிந்திருந்தது என்று பொருள்.

மின்சாரத்தைப் பெருமளவில் சேமித்து வைக்க நம்மிடம் வசதி இல்லை. ஆகவே உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு கணமும் சமமாக இருக்க வேண்டும். அந்தச் சமநிலையைக் காட்டும் அளவுதான் அதிர்வெண். இலங்கையில் அது 50 ஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 சுற்றுகள். பெரிய மின்நிலையங்களில் சுழலும் பல தொன் எடையுள்ள உருளைகள், திடீரென ஒரு பழுது நேரும்போது தம் சுழற்சி வேகத்தின் வலிமையால் அந்த அதிர்வெண் சரியாமல் சில வினாடிகள் தாங்கிப் பிடிக்கும். அந்தச் சில வினாடிகளுக்குள் மற்ற நிலையங்கள் உற்பத்தியைக் கூட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் மின்தேவை குறைவு, வெயிலோ கடுமை. தேவையின் பெரும்பங்கைச் சூரியப் படலங்களே அப்போது தந்துகொண்டிருந்தன. அவற்றில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. எனவே ஒரு பழுது வந்தவுடன் அதிர்வெண் வேகமாக விழுந்தது, நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ள ஒன்றன்பின் ஒன்றாக விலகின, நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் ஒவ்வொன்றும் 300 மெகாவாற் திறனுள்ள மூன்று இயந்திரங்களும் நின்றன. அன்று மாலைக்குள் மின்சாரம் படிப்படியாகத் திரும்பிய பின்னரும் அடுத்த நாள்களில் சுழற்சி முறையில் மின்வெட்டு ஏற்பட்டது அதனால்தான்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன். எடிசன் மின்விளக்கைத் தந்தார் என்ற பாடநூல் வாக்கியம் அவருடைய உண்மையான சாதனையை மறைத்துவிடுகிறது. ஒளிரும் இழை விளக்கை இங்கிலாந்தில் ஜோசப் சுவானும் அதே காலத்தில் செய்துகாட்டியிருந்தார். எடிசன் செய்த பெரிய காரியம், 1882 செப்டெம்பர் 4ஆம் திகதி நியூயோர்க்கின் பேர்ள் தெருவில் ஒரு மின்நிலையத்தைத் தொடங்கியது. மின்பிறப்பாக்கி, நிலத்தடிக் கம்பிகள், உருகி, பாவித்த அளவைக் காட்டும் மானி, மாதக் கட்டணம் என்று அனைத்தையும் சேர்த்து ஒரே ஏற்பாடாக அவர் அமைத்தார். விளக்கு அந்த ஏற்பாட்டின் நுனி மட்டுமே. விளக்கு உடைந்தால் மெழுகுதிரி ஏற்றலாம். அந்த ஏற்பாட்டை நம்பிக் கட்டப்பட்ட பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்கு மெழுகுதிரியைப் போன்ற மாற்று எதுவும் கிடையாது.

அந்த ஏற்பாட்டுக்குள்ளும் பழைய கண்டுபிடிப்புகள் உயிரோடிருக்கின்றன. காற்றாலைகளில் அரைகற்களின் இடைவெளியைச் சீராக்கப் பயன்பட்ட சுழல்குண்டுக் கருவியை 1788 அளவில் வாட் தமது நீராவி இயந்திரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு ஏற்றுக்கொண்டார். நம் மலைநாட்டு நீர்மின் நிலையங்களில் சுழலிக்குப் பாயும் நீரைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தைக் காக்கும் அமைப்பு அதே கொள்கையின் வழிவந்தது. நாடு முழுவதும் இருண்டபின் முதலில் எழுப்பப்படுபவையும் நீர்மின் நிலையங்களே, ஏனெனில் மடையைத் திறக்கும் அளவுக்கு ஒரு சிறு டீசல் இயந்திரம் இருந்தால் போதும், மலையிலிருந்து நீர் தானே இறங்கிவரும். நிலக்கரி நிலையமோ தான் எழுவதற்கே வெளியிலிருந்து மின்சாரம் கேட்கும்.

நீர்மின்சாரம் இந்நாட்டுக்குப் போதும் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை வாசித்தார். லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். யோசனைக்கும் பயனுக்கும் இடையே 32 ஆண்டுகள். கண்டுபிடிப்பின் வரலாற்றில் இந்த இடைவெளிகளை யாரும் எழுதுவதில்லை என்பது என் நீண்டகால மனக்குறை.

குளக்கட்டு (வரலாற்று ஆசிரியை):

பொறியாளர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் இந்தக் கதையை 1882இல் தொடங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு தொழில்நுட்பத்தை நம்பி முழுச் சமூகமும் வாழ்ந்து, அது தளர்ந்தபோது தானும் தளர்ந்த வரலாறு நம் தீவிலேயே இருக்கிறது. நான் சொல்வது குளங்களை.

வறண்ட வலயத்தில் ஆண்டின் சில மாதங்களில் மட்டும் பெய்யும் மழையைத் தேக்கி வைத்தால்தான் நெல் விளையும். பெரிய குளத்தின் அடியில் நீர் அழுத்தம் மிகுதி. மதகைத் திறந்தால் பாயும் நீர் குளக்கட்டையே அரித்துவிடக்கூடும். அதற்காகக் கட்டின் உட்பக்கத்தில் கல்லால் சதுரக் கிணறு அமைத்து, நீரின் வேகத்தை அடக்கி வெளியேற்றும் முறையை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு அறிந்திருந்தார்கள். சிங்களத்தில் அதனைப் பிசோகொட்டுவ என்பர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பணியாற்றிய ஹென்றி பார்க்கர் என்ற ஆங்கிலேயர் அந்த அமைப்பைக் கண்டு வியந்து விரிவாக எழுதினார். அதைக் கண்டுபிடித்தவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பெயர் கிடைக்காததாலேயே பாடநூலின் கண்டுபிடிப்பாளர் வரிசையில் அதற்கு இடமும் இல்லை. இது எனக்கு வகுப்பறையில் ஒவ்வோர் ஆண்டும் வருத்தம் தரும் விடயம்.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அதற்குப் பின் நடந்ததை. குளம் ஒருமுறை கட்டிவிட்டால் போதும் என்ற பொருள் அல்ல. ஆண்டுதோறும் கட்டின் புற்றுகளை அடைக்க வேண்டும், வளரும் மரங்களை வேரோடு எடுக்க வேண்டும், வாய்க்காலில் படிந்த வண்டலை அள்ள வேண்டும். இந்த வேலையை ஊரவர்கள் கட்டாய ஊழியத்தின் ஒரு பகுதியாகச் செய்துவந்தார்கள். கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி பிரித்தானிய அரசு 1832இல் இராஜகாரியம் எனப்பட்ட அந்தக் கட்டாய ஊழிய முறையை ஒழித்தது. கட்டாய உழைப்பு ஒழிந்தது நியாயமே, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. எனினும் அதே முறைக்குள் பொதிந்திருந்த குளப் பராமரிப்புக்கு மாற்று ஏற்பாடு எதையும் செய்யாமல் விட்டதால், ஊர்க்குளங்கள் பல தூர்ந்தன. பிழையை உணர்ந்த அரசு, ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில், 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் மூலம் பழைய ஊர்வழக்குகளுக்குச் சட்ட வலுக் கொடுத்து மீண்டும் உயிரூட்ட முயன்றது. கிழக்கில் வட்டவிதானைமார் நீர்ப்பங்கீட்டையும் வாய்க்கால் வேலையையும் மேற்பார்த்த வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆகவே வாசகரின் கேள்விக்கு என் விடை இதுதான்: மனிதர் எக்காலத்திலும் கருவியை நம்பியே வாழ்ந்தார்கள், ஆனால் உண்மையில் அவர்கள் நம்பியிருந்தது அக்கருவியை நாளும் பேணிய மனிதரையும், அந்தப் பேணலை ஒழுங்குபடுத்திய வழக்கத்தையுமே. 1832க்கும் 1856க்கும் இடையே குளத்தைக் கட்டும் அறிவு மறைந்துவிடவில்லை, கல்லும் மண்ணும் அங்கேயே கிடந்தன; பேணும் ஏற்பாடு மட்டுமே இல்லாமற் போனது.

பாட்டியின் மண்ணெண்ணெய் விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்ணெண்ணெய் விளக்கு 1850களில் பிறந்த புதுமை; அதன் எண்ணெயோ கடல்கடந்து கப்பலில் வந்தது. கப்பல் வராவிட்டால் அவர்கள் வீடும் இருண்டிருக்கும். ஆனால் கிணறு அதனால் வற்றியிருக்காது, அடுப்பு அணைந்திருக்காது. இன்று விளக்கு, நீர், அடுப்பு, பணம், பேச்சு எல்லாம் ஒரே கம்பியில் தொங்குகின்றன. புதுமை என்று ஏதேனும் இருக்குமானால் அதை இங்கேதான் தேட வேண்டும்.

மருந்தாளர், கொட்டாஞ்சேனை:

ஆசிரியை அக்கா எழுதியதோடு உடன்படுகிறேன். ஆனால் இந்த உரையாடலில் சார்ந்திருப்பதை எல்லோரும் ஒரு நோயைப்போலப் பேசுவது எனக்கு உறுத்துகிறது. 1922 ஜனவரியில் டொரொன்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்படும்வரை, முதலாம் வகை நீரிழிவு வந்த பிள்ளை சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோதான் உயிர்வாழும். இன்று அப்படிப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து, படித்து, வேலை பார்த்து, பிள்ளைகளைப் பெறுகிறார்கள். அவர்கள் முழுமையாக ஒரு தொழில்நுட்பத்தையே சார்ந்திருக்கிறார்கள். அதிலிருந்து விடுபடும்படி யாரும் அவர்களிடம் சொல்ல மாட்டோம்.

நான் அஞ்சுவது வேறொன்றை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, அந்தக் குப்பிகளை எங்கே வைப்பது என்ற கேள்வியோடு தாய்மார் பலர் மருந்தகத்துக்கு வந்தார்கள். ஒரு மண்பானைக்குள் இன்னொரு பானையை வைத்து இடையில் ஈரமணல் நிரப்பும் பழைய முறை வெப்பநாடுகளில் பலருக்கும் கைகொடுத்திருக்கிறது. ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில் நீர் மெதுவாகவே ஆவியாவதால், வறண்ட இடங்களில் கிடைக்கும் குளிர்ச்சியை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. பாவனையில் உள்ள ஒரு குப்பியைச் சில வாரங்கள் வெளியே வைக்கலாம் என்பதால், மீதியை மின்பிறப்பாக்கி உள்ள இடத்தில் ஒப்படைக்கும்படி சொன்னோம். இதை முன்கூட்டியே ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

பொரளைத் தம்பி:

ஒரு சிறு குறிப்பு மட்டும். எதைச் சார்ந்திருப்பது என்பதைக் காலம் நம்மீது சுமத்துகிறது என்ற எண்ணம் இங்கே சிலரிடம் தெரிகிறது. கொழும்பில் 1899 முதல் மின்சார ட்ராம் வண்டிகள் ஓடின. ஒரு பாதை கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கும் மற்றொன்று புறக்கோட்டையிலிருந்து பொரளைக்கும் சென்றன. 1960இல் அவற்றை நிறுத்தினோம். 1953இல் வந்த, மேல்கம்பி மின்சாரத்தில் ஓடிய ட்ரொலி பஸ்களையும் 1964இல் கைவிட்டோம். அதன்பின் நகரம் முழுவதும் இறக்குமதி எரிபொருளில் ஓடத் தொடங்கியது. 2022இல் எரிபொருள் நிலையங்களின் முன்னால் நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். ட்ராம் இருந்திருந்தால் மின்வெட்டில் அதுவும் நின்றிருக்கும் என்று நீங்கள் சொல்லக்கூடும், அது உண்மைதான். இரண்டு வழிகள் இருந்த நகரத்தில் ஒன்றை நாமே அகற்றினோம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

வெள்ளவத்தை வாசகர்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியை அவர்களின் 1832, 1856 விளக்கம் நான் கேள்வி கேட்ட விதத்தையே மாற்றிவிட்டது. பொறியாளர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: எங்கள் கூரைப் படலங்கள் அன்று ஏன் பயன்படவில்லை என்பதையும், எங்கள் தொடர்மாடி நிர்வாகக் குழு செய்யக்கூடியது என்ன என்பதையும் சொல்ல முடியுமா?

ஓய்வுபெற்ற மின்பொறியாளர்:

நிச்சயமாக. படலங்கள் தரும் நேர்மின்னோட்டத்தை வீட்டுக்கேற்ற மாறுமின்னோட்டமாக மாற்றும் கருவிதான் இன்வேர்ட்டர். வலையமைப்போடு இணைந்த சாதாரண இன்வேர்ட்டர், வெளியிலிருந்து வரும் மின்னலையைப் பார்த்தே தன் அலையை ஒழுங்குசெய்கிறது. வெளியே மின்சாரம் இல்லாதபோது அது தானாகவே அணைந்துவிட வேண்டும் என்பது விதி. இல்லையேல், மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியர் உங்கள் கூரையின் மின்சாரம் தாக்கி இறக்க நேரும். ஆகவே அன்று உங்கள் கருவி சரியாகவே நடந்துகொண்டது. தடையின்போதும் பயன் வேண்டுமானால், வலையமைப்பிலிருந்து துண்டித்துக்கொண்டு தனித்து இயங்கவல்ல இன்வேர்ட்டரும் மின்கலத் தொகுதியும் வேண்டும். முழுக் கட்டடத்துக்கும் அதைச் செய்ய முயன்றால் செலவு தாங்காது. நீரேற்றும் மோட்டர், மாடிப்படி விளக்குகள், மருந்துக்கான ஒரு பொதுக் குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றையும் தனிச் சுற்றில் பிரித்து, அச்சுற்றுக்கு மட்டும் மின்கலம் வையுங்கள். மோட்டர் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதால், இன்வேர்ட்டரின் அளவை அதற்கேற்பக் கணக்கிடும்படி பொருத்துபவரிடம் வற்புறுத்திக் கேளுங்கள்.

மின்பிறப்பாக்கி ஏற்கெனவே இருக்குமானால், அதை மாதம் ஒருமுறை சுமையோடு ஓட்டிப் பார்ப்பவர் யார், அவர் ஊரில் இல்லாதபோது யார் என்று இரு பெயர்களைக் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். அவசரத்தின்போது கிளம்பாத பிறப்பாக்கிகள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம், கவனிப்பாரின்றி இறந்துபோன அதன் தொடக்க மின்கலந்தான்.