ஊரடங்கில் உங்கள் வீட்டுச் சண்டை எப்படி அடங்கியது?

அயனாவரம், சென்னை:

2020 மார்ச் 24 சாயங்காலம் 6 மணிக்குக் கொரோனாவுக்காக 144 போட்டார்கள். அன்று ராத்திரியே நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. எங்களுடையது ஒரு ஹால், ஒரு ரூம், சமையற்கட்டு, அவ்வளவுதான். மாமியார், என் வீட்டுக்காரர், நான், பத்தாவது படிக்கும் பையன், நாலாவது படிக்கும் பெண். ஐந்து பேரும் பகல் முழுக்க ஒன்றாக வீட்டில் இருந்தது அதற்குமுன் தீபாவளி, பொங்கலுக்குத்தான்.

முதல் பத்து நாளும் பண்டிகை மாதிரியேதான் போனது. தூர்தர்ஷனில் பழைய ராமாயணத்தை மறுபடி போட்டார்கள். இந்தி புரியாவிட்டால் என்ன, கதை தெரியுமே. அத்தை ஒரு நாள் விடாமல் பார்த்தார். ஏப்ரல் 5 ராத்திரி 9 மணிக்கு அகல் ஏற்றியபோது மொட்டை மாடியில் ஒரே சிரிப்பும் பேச்சும். அப்புறம் கையிலிருந்த பணம் கரைய ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர். மார்ச் சம்பளம் பாதிதான் வந்தது, ஏப்ரலுக்கு வரவே இல்லை. ரேஷன் கார்டுக்குக் கொடுத்த 1000 ரூபாயும் இலவச அரிசியும் இல்லாவிட்டால் எங்கள் பாடு திண்டாட்டம்தான்.

அந்தக் கவலையெல்லாம் பையன் தலையில் விடிந்தது. மார்ச் 27-ல் தொடங்க வேண்டிய பரீட்சையைத் தள்ளி வைத்திருந்தார்கள். எப்போது என்று சொல்லவில்லை. தேதியே இல்லாத பரீட்சைக்கு ஒரு பிள்ளை எத்தனை நாள் படிப்பான்? மே 3 வரை ஊரடங்கு நீட்டிப்பு என்று வந்த அன்று, "புத்தகத்தைத் தொட்டு எத்தனை நாளாச்சு?" என்று இவர் கத்த, அவன் ஜாமெட்ரி பாக்ஸைத் தூக்கி எறிந்தான். காம்பஸ் உருண்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில் போனது. இவர் கை ஓங்கினார். அத்தை எழுந்து வந்து நடுவில் நின்றார். "அவன் மேல உனக்கென்னடா கோபம்? சம்பளம் வரலன்னு சொல்லி அழு. நான் இருக்கேன்." இவர் நிஜமாகவே அழுதுவிட்டார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நான் அதைப் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் அத்தைதான் பேச்சை எடுத்தார். ஆளுக்கு ஒரு மணி நேரம், ஆளுக்கு ஓர் இடம். பையனுக்கு விடிகாலையில் மொட்டை மாடி. இவருக்கு அதே மாடி, பொழுது சாய்ந்ததும். பெண்ணுக்குப் போன். டிவியில் நியூஸ் ஒரே ஒரு தடவை, சாயங்காலம் கேஸ் எண்ணிக்கை சொல்லும்போது மட்டும். "உனக்கு?" என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. யோசித்துவிட்டு, மத்தியானம் 2 முதல் 3 வரை ரூம் வேண்டும், கதவு சாத்தியிருக்கும், உப்பு எங்கே என்று கேட்கக்கூட யாரும் தட்டக் கூடாது என்றேன்.

முதல் நாள் உள்ளே போய்ப் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவித்தேன். நாலாவது நாள் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்து கதவைத் திறந்தால், வாசலோரம் தரையில் ஒரு டம்ளர் டீ, மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. இவர் போட்டது. உள்ளே வரக் கூடாது என்று சொல்லியிருந்தேனே, அதனால் வெளியிலேயே வைத்திருக்கிறார்.

பொறுமையாக இருங்கள் என்று எல்லோரும் புத்தி சொன்னார்கள். பொறுமை எங்கள் எல்லோருக்கும் இருந்தது. தனியாக மூச்சுவிட இடம்தான் இல்லை. பரீட்சையை ஜூன் 1 என்றார்கள், பிறகு 15 என்றார்கள், கடைசியில் ஜூன் 9 அன்று எல்லோரும் பாஸ் என்றார்கள். உங்கள் வீடுகளில் என்ன நடந்தது, எழுதுங்கள்.

திண்டுக்கல்:

அக்கா, உங்கள் அத்தையைப் படித்ததும் எங்கள் அம்மா ஞாபகம்தான் வந்தது. அப்பா தினமும் குடிப்பவர். ஊரடங்கோடு டாஸ்மாக்கையும் மூடினார்கள். இரண்டே நாளில் அப்பாவுக்குக் கை நடுக்கம், தூக்கமில்லை, சுவரைப் பார்த்துப் பேசினார். பயந்துபோய் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பல வருஷம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து, வீட்டில் வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள் என்றார் டாக்டர். இப்படி யார் வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து இதை மனதில் வையுங்கள்.

நாலு நாள் கழித்து வந்தவர் வேறு ஆள். அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார். ராத்திரியில் எங்களோடு தாயம் ஆடினார். தம்பியின் காயை வெட்டிவிட்டுக் கைதட்டிச் சிரித்தார்.

மே 7 கடை திறக்கிறது என்றதும் முந்தின ராத்திரி அம்மா தூங்கவில்லை. காலையில் அப்பா சட்டையை மாட்டினார். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாக்பீஸ் எடுத்துத் தரையில் கட்டம் போட்டு, காய்களை அடுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அப்பா வாசலில் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மறுநாள் ஹைகோர்ட் கடையை மூடச் சொன்னது. 16-ஆம் தேதி மறுபடி திறந்தபோது அப்பா கடைக்குப் போய்விட்டார், அதையும் நான் மறைக்கவில்லை. திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மாதாமாதம் போகிறார். தாயம் இன்னும் நிற்கவில்லை.

சேலம்:

இரண்டையும் படித்தேன், மனசு நிறைந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அந்த நாட்களில் தினமும் அடி. அம்மா வீடு வேறு மாவட்டம். பஸ் இல்லை, போவதற்கு இ-பாஸ் வேண்டும். தெருவில் பெரியவர்கள் "அனுசரிச்சுப் போம்மா" என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஒரு நாள் குழாயடியில் அவள் முழங்கைக்குக் கீழே பார்த்தேன். வளையல் உடைந்து குத்திய கீறல், ஒன்றின் மேல் ஒன்றாக. அதற்குமேல் என்ன அனுசரணை? வீட்டுக்கு வந்து 181-க்கு நானே போன் செய்தேன். பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் பேசலாம். மறுநாள் வந்தார்கள், விசாரித்தார்கள், குழந்தையோடு அவளை அம்மா வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். வண்டியில் ஏறும்போது தண்ணீர்க் குடத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.