புகையிலை ஒப்பந்தத்தால வன்னித் தோட்டக்காரருக்கு என்ன பிரயோசனம்?

பரந்தன் பெடியன்:
உலக சுகாதார நிறுவனத்தின்ர புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்துக்கு இலங்கை 2003 நவம்பரிலயே ஒப்புதல் குடுத்திட்டுது. தெற்காசியாவில முதல் நாடு நாங்கள்தான். 2006இல சட்டம் வந்து விளம்பரம் நிண்டுது, 21 வயதுக்குக் கீழ விக்கேலாது. 2015இல சிகரெட் பெட்டியில 80 வீதம் எச்சரிக்கைப் படம். இவ்வளவும் செய்த நாட்டில, வன்னியில ஏன் இன்னும் புகையிலை நடுறம்? நிப்பாட்டவேணும் எண்டுறன்.

விசுவமடுத் தோட்டக்காரன்:
தம்பி, மிளகாய் நட்டனான். விலை விழுந்த நேரம் ஆய்ஞ்ச கூலியும் வரேல்லை. புகையிலைக்கு வியாபாரி தோட்டத்துக்கே வந்து காசைத் தந்திட்டு ஏத்துறான். ஜெனீவாவில இருக்கிற உங்கட உலக சுகாதார நிறுவனத்தில இருந்து ஒருத்தரும் வந்து என்ர கடனைக் கட்டேல்லை.

மல்லாவி மருமகள்:
அண்ணை, கடன் விளங்குது. ஆனா உங்கட இலை சிகரெட்டுக்கில்லை, வெத்திலையோட வாய்க்குள்ள போறது. இலங்கை ஆம்பிளையளுக்குக் கூட வாற புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். என்ர மாமா தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஏறி இறங்கினதைப் பாத்தனான், பிறகு அந்த வீட்டில ஒருத்தரும் வெத்திலைத் தட்டத்தைத் தொடேல்லை. நீங்களும் பனி ஈரத்தில இலை முறிச்ச நாள் தலைச்சுத்து, சத்தி எண்டு கிடந்திருப்பியள். ஈர இலையில இருக்கிற நிக்கொட்டின் தோலுக்குள்ளால ஏறுறதுதான் அது. தோட்டத்தில நிக்கிறவையின்ர உடம்பையும் பாக்கவேணும் எண்டு அந்த ஒப்பந்தத்தின்ர 18ஆம் பிரிவில கிடக்கு.

மன்னார் காத்து:
நிப்பாட்டினாலும் என்ன? இந்தியாவில இருந்து வள்ளத்தில பீடி இலை மூட்டை மூட்டையா வருது, கடற்படை பிடிக்கப் பிடிக்க வருது. கள்ளக் கடத்தலுக்கெண்டே 2012இல தனி உடன்படிக்கை எழுதி, 2018இலதான் அது நடைமுறைக்கு வந்தது. இரண்டு கரையும் சேந்து பிடிக்காட்டி உங்கட சட்டம் இந்தக் கரையோட சரி.

பரந்தன் பெடியன்:
அதுக்குத்தான் கூட்டு வேணும் எண்டுறன். உருகுவே எவ்வளவு சின்ன நாடு! பெட்டியில படம் பெருசாப் போட்டதுக்கு பிலிப் மொரிஸ் சிகரெட் கொம்பனி 2010இல வழக்குப் போட்டுது. உலக சுகாதார நிறுவனமும் உருகுவேயின்ர பக்கம் நிண்டுது. 2016இல கொம்பனி தோத்துது. அண்ணைக்கும் வழி இருக்கு, 17ஆம் பிரிவு. செய்கைக்காரருக்குக் கட்டுபடியான வேற தொழிலுக்கு நாடுகள் சேந்து உதவவேணுமாம்.

விசுவமடுத் தோட்டக்காரன்:
வாசிச்சனான் தம்பி. எவ்வளவு, எப்ப, ஆற்ற காசில எண்டு அதில ஒரு வரி இல்லை. கொம்பனிக்கு வழக்குப் பேச ஆள் இருக்கு, அரசாங்கத்துக்கும் இருக்கு. எனக்குக் கமக்காரர் அமைப்புக் கூட்டம்தான் இருக்கு, அங்க உரத்துக்கு மேல கதை போகாது.

மல்லாவி மருமகள்:
அப்ப அடுத்த கூட்டத்தில 17ஐக் கேளுங்கோவன். நிலக்கடலைக்கோ உழுந்துக்கோ முன்கூட்டியே விலை சொல்லி வாங்க ஆள் வந்தா, புகையிலையை விடுவியளோ?

விசுவமடுத் தோட்டக்காரன்:
எழுத்தில தந்தா அரை ஏக்கர் விடுறன். முழுக்க விடுறதை ஒரு போகம் பாத்திட்டுத்தான் சொல்லுவன்.

பரந்தன் பெடியன்:
அரை ஏக்கர் காணாது அண்ணை.